போட்டிக்கு ஓர் ஆள்

காலை மணி பதினொன்று. அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை தண்ணீர் பாட்டில்கள். நீள மேசையின் இரண்டு பக்கமும் நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலிக்கும் எதிரில் நீல மூடி போட்ட ஒரு சின்ன பாட்டில். நாற்காலிகளில் யாரும் இல்லை.

செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தின் மாடி அது. மருத்துவமனைகளுக்குச் சாமான் வாங்கும் பிரிவு அங்கேதான் இருந்தது. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அதே மாதிரி மாடிகள் எல்லா ஊரிலும் உண்டு.

அன்று டெண்டர் திறக்கும் நாள். டெண்டர் போட்டவர்களோ அவர்களுடைய பிரதிநிதிகளோ விரும்பினால் நேரில் இருக்கலாம் என்று அறிவிப்பின் கடைசியில் ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் படித்துவிட்டு வந்தவன் நான் ஒருவன்தான்.

ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மின்விசிறிக் காற்றில் சுவர் நாள்காட்டியின் தாள்கள் எழும்பி எழும்பி அடங்கின. ஜன்னல் வழியே கொளவாய் ஏரியில் ஒரு துண்டு தெரிந்தது.

சற்று நேரத்தில் அதிகாரி வந்தார். முப்பதை ஒட்டிய வயதுள்ள பெண். பேச்சில் தென்மாவட்டம் தெரிந்தது. மடிக்கணினியை மேசையில் வைத்துவிட்டு நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க மட்டும்தானா சார்?"

ஆமாம் என்றேன்.

அவர் கணினியைத் திறந்து, கடவுச்சொல் கொடுத்து, காத்திருந்து, திரையை என் பக்கம் திருப்பினார். அப்படித் திருப்பிக் காட்டும் அதிகாரிகள் குறைவு. திரையில் ஒரே ஒரு பெயர் இருந்தது. கருங்குழியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அமுதாவின் பெயர். அவருடைய பிரதிநிதியாகத்தான் நான் போயிருந்தேன்.

"ஒண்ணுதான் வந்திருக்கு. இதைத் திறக்க முடியாது சார். மறுபடி டெண்டர் விடணும்," என்றார். கணினியை மூடிக்கொண்டே, "தண்ணி எடுத்துக்கோங்க," என்றார்.

ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அலுவலக உதவியாளர் மற்ற பாட்டில்களை அட்டைப்பெட்டிக்குள் திரும்ப அடுக்க ஆரம்பித்திருந்தார்.

பெட்டி இருந்த காலம்

ஒரே ஒருவர் டெண்டர் போட்டால் ஏன் திறக்கக் கூடாது என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் சொல்லும் விலை நியாயமானதா என்று ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு விலை வேண்டும். அது இல்லாமல் வாங்கினால் தணிக்கையில் கேள்வி வரும். ஆகவே முதல் அழைப்பில் தனி ஆள் வந்தால் பெரும்பாலும் ரத்துதான். ஜெயிக்க நினைப்பவருக்குத் தோற்பதற்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது.

நான் நிருபராக இருந்த காலத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. ஆட்களுக்குக் குறைவில்லை.

அப்போது டெண்டர் உறைகளைப் போட இரும்புப் பெட்டி. பூட்டு, பூட்டின் மேல் துணி, துணியின் மேல் அரக்கு முத்திரை. மூன்று மணிக்குப் பெட்டி மூடப்படும் என்றால் காலையிலிருந்தே வளாகத்தில் வண்டிகள் நிற்கும். வெள்ளை வேட்டிகள், வெற்றிலை வாசனை, சிரிப்புச் சத்தம். யாருக்கு வேலை, யாருக்கு எவ்வளவு ஆறுதல் பணம் என்பதெல்லாம் மதில் ஓரத்து டீக்கடையில் பகலுக்குள் முடிந்துவிடும். பெட்டிக்குள் விழுவது அந்தப் பேச்சின் நகல்.

ஒரு நாள் கடப்பாக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். பேச்சில் சேராத ஆள். சட்டைக்குள் டெண்டர் உறை. கேட்டுக்கு வெளியே அவர் தோளில் ஒருவர் கை போட்டிருந்தார். நட்பான கைதான். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். போண்டா வாங்கிக் கொடுத்தார்கள். குடும்பத்தை விசாரித்தார்கள். பெட்டி மூடிய பிறகு தோளிலிருந்து கை எடுக்கப்பட்டது. அவர் பாதி போண்டாவுடன் நின்றிருந்தார். பிறகு அதைத் தின்று முடித்தார்.

அதைச் செய்தியாக எழுதி அனுப்பினேன். நான்கு வரியில் வந்தது. போண்டா இல்லை.

அதே பக்கத்தில் பாதிக்கு மேல் டெண்டர் விளம்பரங்கள். பொடி எழுத்தில், கட்டம் கட்டமாக. எங்கள் செங்கல்பட்டு அலுவலகத்தின் வாடகையும் என் சம்பளமும் அந்தக் கட்டங்களிலிருந்துதான் வந்தன. பிறகு டெண்டர்கள் இணையத்துக்குப் போயின. கட்டங்கள் சுருங்கின. ஒரு நாள் அலுவலகத்தையே மூடினார்கள். சென்னையில் மேசை வேலை தருவதாகச் சொன்னார்கள். நான் போகவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, அச்சகம் வைத்திருந்த ஒரு பழக்கக்காரர் கேட்டார். ஒரு டெண்டர் திறப்புக்குத் தன் சார்பில் போய் உட்கார முடியுமா, கடையை அடைக்க முடியவில்லை என்று. போனேன். அவர் இன்னொருவரிடம் சொன்னார். அதுவே வேலையாகிவிட்டது. பட்டறைக்காரர்கள், நோட்டுப் புத்தகம் செய்பவர்கள், சீருடை தைப்பவர்கள் என்று சிலருக்கு நான் பிரதிநிதி. அறையில் இருப்பது, பார்ப்பது, பார்த்ததை வந்து சொல்வது. பழைய தொழிலிலும் அதைத்தான் செய்தேன்.

இப்போது யாரும் யார் தோளிலும் கை போடுவதில்லை. வீட்டிலிருந்தே டெண்டர் போடலாம். சிறுதொழில் என்றால் முன்வைப்புத் தொகை என்ற டெபாசிட்கூடக் கட்ட வேண்டாம். ஆனாலும் சின்ன ஆட்கள் வருவதில்லை. சிறியவர்கள் யாரும் போடுவதில்லையே என்று அதிகாரிகள் என்னிடம் குறைபட்டிருக்கிறார்கள். எங்களுக்கெல்லாம் யார் தரப்போகிறார்கள் என்று பட்டறைக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் கேட்டதுண்டு. இடையில் ஒரு பஸ் பயணம்.

மாடியில் நின்ற ஸ்டாண்டு

அமுதாவுக்கு நாற்பது வயதிருக்கும். கருங்குழியில் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையை ஒட்டித் தகரக் கூரை போட்ட பட்டறை. கணவர் ஏதோ கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறார். கேட், கிரில் வேலைகளோடு நர்சிங் ஹோம்களுக்குக் கட்டில், குளுக்கோஸ் ஸ்டாண்டு எல்லாம் செய்துகொடுத்துவந்தார். நர்சிங் ஹோம்கள் இணையத்தில் வாங்க ஆரம்பித்ததும் அந்த வேலை நின்றுபோனது.

டெண்டருக்கு அடுத்து வரும் பொங்கலோடு இடத்தின் குத்தகை முடிகிறது. அரசு ஆர்டர் வந்தால் பட்டறை இருக்கும். வராவிட்டால் பூட்டிவிட்டு மறைமலை நகர் பக்கம் கம்பெனி கேண்டீனில் வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று சாதாரணமாகச் சொன்னார்.

டெண்டர் குளுக்கோஸ் ஸ்டாண்டுக்கு; அது வரப்போகிறது என்று முந்தின வருஷமே தெரிந்திருந்தது. கடற்கரை ஓர ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போகப்போகிறவை. உப்புக்காற்றில் துருப்பிடிக்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தது. நான் சதுரங்கப்பட்டினத்தில் இருப்பவன் என்று தெரிந்ததும் அமுதா கேட்டார்.

"உங்க வூட்லேர்ந்து கடல் இன்னா தூரம் சார்?"

அலை சத்தம் கேட்கும் என்றேன்.

"அப்ப ஒண்ணு உங்க மாடில நிக்கட்டும். மழைக்காலம் முடிஞ்சதும் பாப்போம்."

அவரே எடுத்துவந்தார். செங்கல்பட்டில் பஸ் மாறி, திருக்கழுக்குன்றம் வழியாக. ஆளைவிட உயரமான ஸ்டாண்டு. தலையில் நான்கு கொக்கி. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டபோது, "அது பாவம் நின்னுகினுதானே வருது, சீட்டா கேட்டுச்சு?" என்றாராம். கண்டக்டர் சிரித்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாராம்.

அந்த வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். மனைவிக்குத் தெற்கே ஒரு பள்ளியில் வேலை. பெரிய லீவுக்கு வருவார். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. இருவருக்கும் ஒரே ஊரில் வேலை அமையவில்லை, அவ்வளவுதான். பிறகு அதுவே பழகிவிட்டது.

மழைக்காலம் முழுக்க அந்த ஸ்டாண்டு என் மொட்டைமாடியில் நின்றது. துணி உலர்த்தக் கயிறு கட்டச் சோம்பல்பட்டு அதில் துண்டைப் போட்டேன். பிறகு சட்டையை மாட்டினேன். இருட்டும் நேரத்தில் தெருவிலிருந்து பார்த்தால் மாடியில் ஒருவர் கடற்கரையிலிருக்கும் பழைய கோட்டையின் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது போலிருக்கும். பக்கத்து வீட்டில் அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் மதுரைக்காரர். ஒரு நாள் அவர் கேட்டில் நிறுத்தி, உங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். ஸ்டாண்டைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். அவரோடு பேசிய அந்த ஐந்து நிமிஷம்தான் அந்த வாரம் நான் நேரில் பேசிய ஒரே பேச்சு என்று பிறகு தோன்றியது.

மழை விட்டதும் அமுதா வந்து ஸ்டாண்டைத் தலைகீழாகச் சாய்த்து, அடிப்பக்கத்து வெல்டிங்கைக் கட்டை விரலால் தடவினார். ஓர் இடத்தில் பழுப்பு ஒட்டியது. அடிப்பாகத்தை வேறு மாதிரி செய்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார். மாடி காலியானது. அந்த வேலையை முடித்துத்தான் முதல் டெண்டர் போட்டார். தனி ஆளாக நின்றதால் அது ரத்தானது.

ஓனரைக் கூப்பிடு

டெண்டர் ரத்தான பிறகு அமுதாவுக்கு எல்லோரும் ஒரே யோசனையைச் சொன்னார்கள். 'கூட ஒண்ணு போடு.' அதாவது, சொந்தக்காரர் யாராவது ஒருவர் பெயரில், அதிக விலை வைத்து, இன்னொரு டெண்டரையும் நீயே போடு. பல இடங்களில் நடப்பதுதான். மதுராந்தகத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பாபு, தானே ஆள் பிடித்துத் தருவதாகக்கூடச் சொன்னார்.

அமுதா ஒப்புக்கொள்ளவில்லை. "அந்தப் பக்கமும் நானே நின்னுகினு கபடி ஆடறதா?" என்றார்.

 பிறகு ஒரு நாள், பைப் அறுக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "எங்க அண்ணன் போடலாமில்ல சார்?" என்று கேட்டார்.

அவருக்கு அண்ணன் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. பெயர் ஏழுமலை. அந்தப் பட்டறையைத் தொடங்கியவரே அவர்தான். வெல்டிங் அவர், ஆர்டர் பிடிப்பதும் கணக்கும் அமுதா. பெண்கள் நடத்தும் சிறுதொழிலுக்கு அரசு கொள்முதலில் தனிச் சலுகை உண்டு என்று தெரிந்ததும், பட்டறையை அமுதா பெயருக்கு மாற்றலாம் என்று சொன்னவரும் ஏழுமலைதான். இரண்டு பேரும் சேர்ந்தே போய் மாற்றிப் பதிந்தார்கள்.

பதிவுக்குப் பிறகு ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். ஏழுமலை முகமூடி போட்டுக் குந்தியபடி வெல்டிங் செய்துகொண்டிருந்தார். எழுந்து வணக்கம் சொன்னார். அதிகாரி அவரைப் பார்த்து, "நீ போய் ஓனரைக் கூப்பிடு," என்றார்.

ஏழுமலை போய்த் தங்கையைக் கூப்பிட்டார். நாற்காலி போட்டார். டீ வாங்கிவரப் போனார்.  சாயங்காலம் கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனவர், மறுநாள் தன் வெல்டிங் மிஷினை எடுத்துப்போக வண்டியோடு வந்தார். ஜி.எஸ்.டி. சாலைக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் தள்ளி, அவருக்கென்று ஒரு பட்டறை வந்தது. நடுவில் சாலைத் தடுப்பு. வண்டியில் போக வேண்டுமானால் தூரமாகப் போய்த் திரும்பி வர வேண்டும். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

இதையெல்லாம் அமுதா அளவு சொல்வது மாதிரி சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, நானும் கூட வர முடியுமா என்று கேட்டார்.

எதிர்ப்பக்கம்

ஏழுமலை ஒடிசலான ஆள். நெற்றிப் பக்கம் நரை. எங்களைப் பார்த்ததும் முகமூடியை உயர்த்தினார். தங்கையைப் பார்க்கவில்லை. என்னை ஏதோ பழைய கூட்டங்களில் பார்த்திருக்கிறார் போலும்.

"இன்னா ரிப்போர்ட்டரு, இம்மாந்தூரம்?"

அமுதாவே பேசினார். "குளுக்கோஸ் ஸ்டாண்டு டெண்டரு மறுபடி வருது. நீயும் போடு."

ஏழுமலை என்னிடம் கேட்டார். "எதுக்காம்? துணைக்கா?"

"துணைக்கு இல்ல. நெஜமாவே போடு. உன் ரேட்ட எங்கிட்ட சொல்லாத. என்னுத உங்கிட்ட சொல்ல மாட்டன்."

"நான் எட்த்துட்டா?" என்று அதையும் என்னிடமே கேட்டார்.

"எட்த்துக்க."

ஏழுமலை சிரித்தார். "கேட்டியா ரிப்போர்ட்டரு. தோக்கறதுக்கு ஆளு தேடிகினு வந்துகீறா."

"யாரு தோக்கறாங்கன்னு அங்க பாக்கலாம்," என்றார் அமுதா.

ஏழுமலை டீ சொல்லி அனுப்பினார். டீ வந்தது. ஒரு டம்ளரை என் கையில் கொடுத்தார். இன்னொன்றை, யாருக்கு என்று சொல்லாமல், அமுதா நின்ற பக்கம் இருந்த இரும்பு மேசையின் ஓரத்தில் வைத்தார். அமுதா எடுத்துக் குடித்தார். சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

உறவினர்கள் போட்டியிடக் கூடாது என்று அந்த அறிவிப்பில் எங்கும் இல்லை. தனித்தனிப் பதிவு, தனித்தனிப் பட்டறை. அறிவிப்பை இரண்டு தடவை படித்துப் பார்த்துத்தான் சரி என்று சொன்னேன்.

பாபுவின் கடையை எங்களில் யாரும் யோசிக்கவில்லை.

கருங்குழியிலிருந்து மதுராந்தகம் வரை டெண்டர் போடுகிறவர்கள் எல்லோருக்கும் பாபுவின் கடைதான். டிஜிட்டல் கையெழுத்துக்கு என்று பென் டிரைவ் மாதிரி ஒரு கருவி உண்டு. அது அடம்பிடிக்காமல் வேலை செய்யும் கணினி அங்கே ஒன்றுதான், சுவரோரம், பிள்ளையார் படத்துக்குக் கீழே. கடைசி நாளன்று காலையில் ஏழுமலை அங்கே உட்கார்ந்து தன் டெண்டரை ஏற்றினார். சாயங்காலம் அதே நாற்காலியில் உட்கார்ந்து அமுதா ஏற்றினார். ஒருவருக்கொருவர் விலை தெரியக் கூடாது என்று பாபுவைக்கூட அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னாராம்.

வெளி ஆட்கள்

இரண்டாவது திறப்பில் மூன்று நாற்காலிகளில் ஆள் இருந்தது. ஏழுமலை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் எதிர் வரிசையில் உட்கார்ந்தார். அமுதா என் பக்கத்தில். திரையில் இரண்டு பெயர்கள். அதிகாரிக்கு மகிழ்ச்சி. ஆவணங்களைத் திறந்து பார்த்தார். விலையை அப்புறம்தான் திறப்பார்கள்.

சில நாட்களில் விளக்கம் கேட்டு அழைப்பு வந்தது. இருவருக்கும்.

மறுபடியும் அதே அறை. இரண்டு டெண்டர்களும் ஒரே கணினியிலிருந்து ஏறியிருப்பதாகத் திரை காட்டுகிறது என்று அதிகாரி சொன்னார். ஒரே ஆள் இரண்டு பெயரில் போட்டால்தான் பொதுவாக இப்படி வரும் என்றார். பாபுவின் கடையைப் பற்றி நான் சொன்னேன். இருவரும் தலையாட்டினார்கள். அவர் குறித்துக்கொண்டார். அந்தப் பகுதியில் எல்லோரும் அங்கேதான் ஏற்றுகிறார்கள் என்று எழுதினால் ஒத்துக்கொள்வார்கள் என்றார்.

பிறகு பேனாவைப் பிடித்தபடி, காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"மத்தபடி நீங்க ரெண்டு பேரும் வெளி ஆளுங்கதானே? சொந்தம் எதுவும் இல்லையே?"

அதிகாரிகள் கேட்கும் கேள்விகளைப் பல வருஷம் கேட்டவன் நான். என்ன பதில் வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் அவர் கேட்டார். ஆவணங்களிலும் எதுவும் தெரியாது. ஏழுமலையின் இனிஷியல் அப்பா பெயர், அமுதாவுடையது கணவர் பெயர்.

"வெளி ஆளுதான் மேடம்," என்றார் ஏழுமலை. உடனே சொன்னார். மேசையைப் பார்த்துச் சொன்னார்.

அதிகாரி எழுதினார். "நீங்கம்மா?"

அமுதா அண்ணனைப் பார்த்தார். அவர் நிமிரவில்லை. வெளியே ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அது நின்றதும் அமுதா சொன்னார்.

"எங்க அண்ணன் மேடம். கூடப் பொறந்தவரு."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். இனி இதைத் தான் எழுதித்தான் ஆக வேண்டும் என்றார். ஒரே கணினி, அதோடு அண்ணன் தங்கை. கூட்டுச் சேர்ந்து போட்டதாகத்தான் தணிக்கை சொல்லும். இரண்டு டெண்டரையும் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை.

அவர் கோபப்படவில்லை. எழுந்து நின்ற பிறகு இருவரையும் பார்த்து ஒன்று சொன்னார்.

"இன்னொரு தடவை கூப்பிடுவோம். மூணாவது அழைப்புங்கிறதால ஒருத்தர் மட்டும் போட்டாலும் காரணம் எழுதித் திறந்துடலாம். உங்கள்ல ஒருத்தர் போடுங்க. யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்க."

வண்டி நிறுத்துமிடம்

கீழே ஏழுமலை தன் பைக்கின் அருகில் நின்றுகொண்டிருந்தார். எங்களுக்காகத்தான் நின்றார். அன்றுதான் முதல் தடவையாக அவர் தங்கையிடம் நேராகப் பேசியதை நான் கேட்டேன்.

"வாய மூடிகினு இருந்திருந்தா ஆர்டரு உனக்குத்தான் வந்திருக்கும். நான் ஏத்திதான் போட்டிருந்தன்."

அமுதாவுக்குப் புரியச் சற்று நேரமானது. "நெஜமா போடுன்னுதானே சொன்னன்."

"சொன்ன."

"ஏத்திப் போட ஆளு ஓணும்னா உங்கிட்ட வந்திருக்க மாட்டன். பாபு கடையிலயே ஆளு கீது."

"பின்ன எதுக்கு வந்த?"

அமுதா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஏழுமலை என் பக்கம் திரும்பித் தலையை அசைத்துவிட்டு, வண்டியை எடுத்தார்.

டெண்டரில் விலைப் பகுதி திறக்கப்படவே இல்லை. தள்ளப்பட்ட டெண்டர்களுக்கு அதைத் திறக்க மாட்டார்கள். ஏழுமலை உண்மையிலேயே விலையை ஏற்றி வைத்திருந்தாரா, அல்லது அப்போது தோன்றியதைச் சொன்னாரா என்று பார்க்க இனி வழியில்லை.

நாங்கள் பஸ் நிலையத்துக்கு நடந்தோம். அமுதா கருங்குழிக்கு, நான் சதுரங்கப்பட்டினத்துக்கு. அவர் பஸ் முதலில் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும், ஏதோ சொல்லப்போகிறார் என்று கீழே காத்திருந்தேன். வண்டி கிளம்பும்போது, "ஊட்டுக்குப் போய் சாப்புடுங்க சார்," என்றார்.

என் பஸ்ஸில் கூட்டமில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் நானும் ஓட்டுநரும் கண்டக்டரும் இன்னும் ஒருவரும்தான். அவரும் வழியில் இறங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்ட இடம் தேடினேன். அதிகாரி முன்னால் நடந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தேன். செய்தியாக எழுதினால் எத்தனை வரி வரும் என்று பார்ப்பது பழைய பழக்கம். மூன்று வரிதான் வந்தது. அதில் யாருக்கும் அண்ணனோ தங்கையோ இல்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன்.

மார்கழியில் மூன்றாவது அழைப்பு வெளியானது. மறுநாளே கருங்குழிக்குப் போனேன். பட்டறையில் வேலை நடக்கவில்லை. அமுதா பழைய பைப் துண்டுகளை நீளவாரியாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசி நாளைச் சொன்னேன். பாபு கடை வேண்டாம், என் வீட்டுக்கே வந்து ஏற்றலாம் என்றேன்.

அவர் அடுக்குவதை நிறுத்தவில்லை.

"அவரு போடட்டும் சார். ஆரம்பிச்சவரு அவருதானே. நான் கேண்டீன்ல கேட்டு வெச்சிகீறன், தை மாசம் வரச் சொல்லிகீறாங்க."

இதை ஏழுமலையிடம் நான் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வாணாம். அவரு போடுவாரு," என்றார்.

அதன் பிறகு நான் அங்கே போகவில்லை. எனக்கு அந்த டெண்டரில் வேலை இல்லை. பிரதிநிதியாகப் போக யாரும் சொல்லவில்லை.

குறித்த நாளன்று காலை பதினொரு மணிக்கு மேல், வீட்டிலிருந்தபடியே இணையத்தில் பார்த்தேன். அந்த டெண்டருக்கு ஒருவரும் போட்டிருக்கவில்லை.